அப்பாவின் ஐம்பத்து மூன்று சுரியானிச் சொற்கள்

பெங்களூர்க் குளிர் கம்பளிக்குள் நுழைந்துவிடாதபடி முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு படுத்திருக்கும் மார்கழி விடியலில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்புறமிருந்து முதலில் வருவது வெந்நீர் அடுப்பில் எரியும் தேங்காய் மட்டையின் புகை. அதற்குப் பின்னால் வருவது பாட்டு. பாட்டு என்று நாங்கள்தான் சொன்னோமே தவிர அது ஜெபம். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாகப் புறப்பட்டு, ஓர் இடத்தில் ஏறி, அதே இடத்தில் இறங்கி, எந்த அவசரமும் இல்லாமல் கால் மணி நேரம் நடக்கும் அந்த ஜெபத்தில் ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியாது. பாடுகிறவருக்கும் சொல் சொல்லாகப் புரியாது என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

லிங்கராஜபுரம் அப்போது பாதி ஊர், பாதி ராகிக் கொல்லை. நாங்கள் குடியிருந்தது கன்னடக்காரர்கள் "வடாரம்" என்று சொல்லும் இடத்தில், அதாவது ஒரே முற்றம், ஒரே குழாய், அதைச் சுற்றி ஒட்டினாற்போல எட்டுக் குடித்தனம். ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டில் கஷாயத்துக்கு மிளகு தட்டுவார்கள். பாடுகிறவர் அடுத்த வீட்டு ஔசேப்பு சார். கோட்டயத்துக்கு அப்பால் மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர், மனைவியை இழந்தவர், என் வயதில் ஏலிக்குட்டி என்ற ஒரே மகள் உள்ளவர். வடாரத்தின் மற்ற கிறிஸ்தவர்கள் தமிழர்கள், பக்கத்துக் கோயிலுக்கு நடந்துபோய் லத்தீன் பூசை கண்டுவிட்டு வந்து இட்லி சாப்பிடுவார்கள். ஔசேப்பு சார் மட்டும் ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக ஏலிக்குட்டியை சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு, ஓசூர் ரோட்டுப் பக்கம் மலையாளப் பாதிரிமார் புதிதாகக் கட்டியிருந்த குருமடத்துக்கு, மிதித்துக்கொண்டு போவார். ஏனென்றால் அங்கேதான் "சுரியானி"யில் பூசை. அவர் பிள்ளைப் பிராயத்தில் ஊர்க் கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். குருவானவர் சொல்வதற்கு எதிர்மொழி எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

அந்தப் பாஷையைப் பற்றி அவர் சொன்னது ஏலிக்குட்டி வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. அது இயேசுநாதர் பேசிய பாஷை, அவருடைய சீடர் அதைக் கப்பலில் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தார், இப்போது உலகத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை, கடவுளிடம் பேச மட்டும் அதை வைத்திருக்கிறோம் என்றாள். சிவப்புப் பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்திருப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாஷையும் இல்லை, பட்டுப் புடவையும் இல்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

என் அப்பா முனுசாமி இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர். போனார் என்றால் துப்பாக்கி பிடிக்க அல்ல, ரொட்டி சுட. பாக்தாதுக்கு மேற்கே ஓர் ஏரிக்கரை முகாமில் மூன்று வருடம் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, எனக்கு நினைவு தெரிந்த நாளில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் ஈராக் கதை. அந்த ஊர் ஆட்டுக்கு வால் முறத்தின் அகலம் இருக்கும் என்பார். மழையே இல்லாமல் வானம் சிவந்து மண்ணாகக் கொட்டும் என்பார். வடாரம் முழுக்கச் சிரிக்கும். "ஈராக்" என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அவரும் அதை விருது மாதிரி வைத்துக்கொண்டார். ஆட்டு வால் உண்மைதான் என்று நான் பிற்காலத்தில் புகைப்படத்தில் பார்த்தேன். அப்போது அதைப் போய்ச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

வம்பு குழாயடியில் ஆரம்பித்தது. ஒரு விடுமுறைக் காலையில் பக்கெட்டோடு நின்ற அப்பா, பல் விளக்கிக்கொண்டிருந்த ஔசேப்பு சாரிடம், வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்கிறவர்போல மெதுவாக எடுத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பாட்டுல ரொட்டி வருது. வானம் வருது. எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் வரும் சார்."

ஔசேப்பு சார் வாயைக் கொப்பளித்துவிட்டு, எங்கே கற்றாய் என்று கேட்டார். முகாமில் வெள்ளைக்காரன் சம்பளத்துக்கு வைத்திருந்த உள்ளூர்க் கிறிஸ்தவச் சிப்பாய்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், அவர்கள் சமையற்கட்டு வாசலுக்கு ரொட்டி கேட்டு வந்தது எல்லாவற்றையும் அப்பா சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "புள்ளைங்களத் திட்டறது, வெங்காயத்துக்கு பேரம் பேசறது, எல்லாம் இதே பாஷைதான் சார்" என்றும் சொன்னார்.

ஔசேப்பு சாரின் முகம் கழுவிய முகமாக இல்லை. "அது கர்த்தாவு சம்சாரிச்ச பாஷையாணு, முனுசாமி. லோகத்துல இப்போ ஆரும் அதுல சம்சாரிக்கில்லா. நொண பறயாதே" என்றார். "நொண" என்றால் பொய். எட்டு வீட்டுக்கும் அது மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது. அன்று மாலையே ஏலிக்குட்டி எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது.

ஆட்டு வாலுக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. ஆட்டு வால் வேடிக்கை. இது இன்னொருவர் சாமி விஷயத்தில் சொன்ன பொய். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அப்பாவைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். அம்மா ஒருபடி மேலே போனாள். "அந்தாளு சாமி பாஷையத் தூக்கினு வந்து அடுப்பாண்ட வெக்கணுமாய்யா? வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்றாள். "நீயும் நம்பலயா?" என்று அப்பா கேட்டார். அம்மா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள், கடைந்துகொண்டே இருந்தாள். அன்றிலிருந்து முக்காலி முற்றத்துக்கு வரவில்லை, ஈராக்கும் வரவில்லை.

நானும் நம்பவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். நம்ப வேண்டும் என்று தவித்தேன், அது வேறு. ஆகவே திருட்டுத்தனமாகப் பரீட்சை வைத்தேன். உப்புக்கு என்ன? "மில்ஹா." தண்ணீருக்கு? "மாயா." வா என்பதற்கு, உட்கார் என்பதற்கு, வெங்காயத்துக்கு? எல்லாவற்றையும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, பத்து நாள் விட்டு, வரிசையை மாற்றிக் கேட்பேன். சொன்னதையே சொன்னார். காக்காய்க்கு என்ன என்றால் "தெரியாது" என்றார். தாமரைக்கு? "தெரியாது. அங்க ஏது தாமரை." மொத்தம் ஐம்பத்து மூன்று சொற்கள் தேறின. பொய் சொல்கிறவன் எதற்கும் தெரியாது என்று சொல்லமாட்டான் என்கிற புத்தி பத்து வயதில் எனக்கு இல்லை. ஐம்பத்து மூன்றை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இப்படி ஒரு வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஔசேப்பு சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உயரமாக, சிவப்பாக, கோட்டுப் போட்ட ஒரு பையன். பெயர் கோர்கிஸ். மோசூல் பக்கத்து மலையடிவாரக் கிராமத்திலிருந்து விவசாயப் படிப்புக்கு பெங்களூர் வந்தவன், தன் கோயில் பூசை இந்த ஊரிலும் நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் குருமடத்துக்கு வந்திருக்கிறான். ஔசேப்பு சாருக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு அழைத்து வந்துவிட்டார். அழைத்து வந்தவர், கையோடு இந்த வழக்கையும் தீர்த்துவிட நினைத்தார், வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படியாக, "முனுசாமி, இங்கோட்டு வா. ஈராக்கீந்நு ஆள் வந்நிட்டுண்டு" என்று கூப்பிட்டார்.

அப்பா போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். ஜன்னலில் வடாரமே நின்றது. பையன் மேஜையில் உட்கார்ந்திருந்தான், முன்னால் சோறும் மீன் குழம்பும். ஔசேப்பு சார் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அவன் மரியாதையாக அப்பாவைப் பார்த்தான். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பள்ளியில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்து, நாலைந்து சொல் சொன்னார். பையன் புருவத்தைச் சுருக்கினான். அப்பா மறுபடி சொன்னார், இன்னும் சத்தமாக. பையன் ஔசேப்பு சாரைப் பார்த்துத் தலையை அசைத்தான், புரியவில்லை. ஜன்னல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை, அப்பாமேல் கோபம்தான் வந்தது.

அப்பா திரும்பினார். திரும்பியவர் கண்ணில் அந்தத் தட்டு பட்டது. மிளகாய்க் காரம் தாங்காமல் பையன் ஒரு வாய்க்குமேல் எடுக்கவில்லை, சோறு ஆறிக்கிடந்தது. சாப்பிடாத தட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது, இருபது வருடமாக அதுதான் தொழில். மேஜையருகே போய், குழம்பை ஓரமாக ஒதுக்கி, மோரை எடுத்துச் சோற்றில் ஊற்றி, உப்பைக் கிட்டே நகர்த்தி, தட்டைப் பையன் பக்கம் தள்ளியபடி, யாரிடமும் எதையும் நிரூபிக்கிற நினைப்பே இல்லாமல், "ஹூல், ப்ரோனி, ஹூல்" என்றார்.

சாப்பிடு, மகனே, சாப்பிடு. என் நோட்டில் பதினோராவதும் முப்பதாவதும்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மடமடவென்று ஏதோ கேட்டான். அப்பா பதில் சொன்னார். அவன் இன்னொன்று கேட்டான், அப்பா சோற்றைக் காட்டி, அடுப்பைக் காட்டி, கையால் ரொட்டி தட்டிக் காட்டி, இருந்த ஐம்பத்து மூன்று சொல்லையும் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பேசினார். பையன் வாய்விட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். தங்கள் ஊர்ப் பேச்சு வேறு, இது மலைக்கு அந்தப்புறத்தார் பேச்சு என்றும், அதிலும் இவர் பேசுவது அச்சு அசல் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பேசுவது, அங்கிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தன் அத்தை தன்னைச் சாப்பிடக் கூப்பிடுவது இப்படித்தான் என்றும் ஔசேப்பு சாரிடம் இங்கிலீஷில் சொன்னானாம். சோறு முழுவதும் சாப்பிட்டான்.

அரை மணி நேரம் அது நடந்தது. அந்த அரை மணி நேரமும் ஔசேப்பு சார் தன் வீட்டில், தான் அழைத்த விருந்தாளியின் பக்கத்தில், தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பூசை முழுவதையும் தவறில்லாமல் சொல்லக்கூடிய மனிதருக்கு, உப்பு எங்கே என்று அந்தப் பாஷையில் கேட்கத் தெரியாது. பையனை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் முற்றத்தின் நடுவில் நின்று, "முனுசாமி பறஞ்சது சத்யமாணு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதைச் சொல்ல நெஞ்சு வேண்டும், அவருக்கு இருந்தது. அப்பா நம்பப்பட வேண்டும் என்று ஒரு வருடம் ஏங்கிய எனக்கு அன்று குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, ஔசேப்பு சாரின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் மட்டைப் புகை வந்தது, பாட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் அப்பா, "இன்னாடி இது, அந்தாளு சாமிய நான் புடுங்கினா மாதிரி ஆயிடுச்சே" என்று அம்மாவிடம் புலம்பிவிட்டு, எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அன்று மாலை முக்காலி முற்றத்துக்கு வந்தது, எதிரே ஔசேப்பு சாரின் மடக்கு நாற்காலியும் வந்தது, அவர் மடியில் ஒரு கறுப்பு அட்டை நோட்டு.

பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கும் பரலோக மந்திரத்தை மலையாளத்திலும் சொல்கிறவர் அவர். ஆகவே மொத்தப் பொருள் தெரியும், எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதுதான் தெரியாது. அவர் ஜெபத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அப்பா கண்ணை மூடிக் கேட்டு, "இது ரொட்டி சார்", "இது பேரு", "இது வானம்" என்று கை காட்டுவார். ஔசேப்பு சார் நோட்டில் எழுதுவார். நாற்பது வருடமாகச் சொல்லிவந்த வாக்கியத்தில் எது ரொட்டி என்று கண்டுகொண்ட அன்று அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் நாலைந்து தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான் பின்னாளில் படித்தவரை, மோசூல் பக்கத்துப் பேச்சுகள் கோயில் சுரியானியின் நேர் மகள்கள் அல்லவாம், தங்கை வயிற்றுப் பேத்திகள் என்கிற மாதிரி ஓர் உறவாம். அவை ஒன்றல்ல, பலவாம், மலைக்கு ஒன்றாம். அது அந்த இரண்டு பேருக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் நாற்காலியை மடக்கியிருக்க மாட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பூசை மலையாளத்துக்கு மாறியது. குருமடத்திலிருந்து திரும்பிய அன்று ஔசேப்பு சார் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "இப்போ எல்லாம் மனசிலாவுது, முனுசாமி" என்றார், பூசையில் எல்லாம் புரிகிறதாம். நல்லதுதானே என்றார் அப்பா. "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், வெகுநேரம் எழவில்லை. அவருடைய எதிர்மொழிகளுக்கு இனி எதிர்ப்புறம் இல்லை. அதற்குப் பிறகு அவர் வாரத்தில் ஒரு நாள் வருவது போய், தினம் நாலரை மணிக்கு வந்தார். வந்து ஒரு சொல் கேட்பார், ஒன்றே ஒன்று, எழுதிக்கொண்டு போவார்.

ஐம்பத்து மூன்று சொல் எத்தனை நாளைக்கு வரும்? எனக்குக் கணக்குத் தெரியும், என்னிடம் பட்டியல் இருந்தது. கடைசியாக வந்தது துடைப்பம். அதற்கு அடுத்த நாள் மழை விட்ட சாயங்காலம். வேலியில் மின்மினி பறந்தது, ஔசேப்பு சார் அதைக் காட்டி, இதற்கு அங்கே என்ன என்று கேட்டார். "தெரியாது" என்று அப்பா சொல்லப்போகிறார், இவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போகப்போகிறார், நாளை வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அப்பாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு சொல் சொன்னார். நான் கேட்டிராத சொல். மறுநாள் தாமரைக்குச் சொன்னார், அதற்கு மறுநாள் காக்காய்க்கு. பொய்யன் என்று பேர் எடுத்தபோதுகூடப் பொய் சொல்லாத மனிதர், நம்பப்பட்ட பிறகு தினம் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த மழைக்காலத்தில் அதே மின்மினிக்கு வேறொரு சொல் சொன்னார், போன வருடம் சொன்னது அவருக்கே மறந்துபோயிற்று. ஔசேப்பு சார் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அந்த நல்ல மனிதர் ஏமாறுகிறாரே என்று பல நாள் எனக்கு உறுத்தியது, அப்பாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஆறு வருடம் அப்படி நடந்தது. பிறகு ஔசேப்பு சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு ஊருக்குப் போனார், அப்பா அதற்கடுத்த வருடம் காலமானார். வடாரம் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடியும் கீழே ஒரு மோட்டார்சைக்கிள் பழுதுக் கடையும் நிற்கின்றன. ராகிக் கொல்லை இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை, மின்மினியை என் பேரப்பிள்ளைகள் பார்த்ததில்லை. கோர்கிஸின் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் யுத்தத்துக்கு யுத்தம் கிளம்பி எங்கெங்கோ குளிர் தேசங்களுக்குப் போய்விட்டார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறேன். அங்கே பிறந்த குழந்தைகளைச் சாப்பிட எந்தப் பாஷையில் கூப்பிடுகிறார்களோ தெரியாது.

போன வருடம் சந்தாபுராவில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஏலிக்குட்டி என்னைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள். இரண்டு கிழவிகள் உட்கார்ந்து மூட்டுவலியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு அந்தக் கறுப்பு நோட்டை எடுத்து வந்தாள். நடுவில் எதற்காக என் அப்பா உன் அப்பா பெயரை எழுதிவைத்திருக்கிறார் என்று தெரியவில்லை என்றாள். நான் வாங்கி எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்றாவது துடைப்பம். அதன் கீழே அடிக்கோல் வைத்து ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்குக் கீழே மலையாளத்தில் ஒரு தலைப்பு, ஏலிக்குட்டி படித்துக் காட்டினாள்: "முனுசாமி உண்டாக்கியவ." முனுசாமி உண்டாக்கியவை. அடுத்த வரியே மின்மினி, பிறகு தாமரை, காக்காய், பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, நோட்டு தீரும்வரைக்கும். முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறார். ஜெபத்தில் ஊறிய அந்தக் காதுக்கு அசலும் அப்பாவின் சரக்கும் தெரியாமல் போகுமா, எனக்குத்தான் அது தோன்றவில்லை. என் அப்பா நம்பப்பட வேண்டும் என்று ஒரு காலத்தில் அத்தனை தவித்தேன். அந்த மனிதர் ஒரு சொல்லைக்கூட நம்பாமல், ஆறு வருடம், தினம் நாலரை மணிக்கு வந்து கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.